தலைக்குத் தண்ணீர்

சந்தேகம் எனக்குச் சோறு போட்ட குணம். அலோர் காஜாவில் நில அலுவலகத்தில் முப்பது வருடம் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தேன். இந்தக் கையெழுத்து அந்த ஆளுடையதுதானா, இந்தக் கைநாட்டு யாருடைய கட்டைவிரல், போன வருடமே செத்துப்போனவர் போன மாதம் எப்படி வந்து ஒப்பம் வைத்தார் என்று பார்ப்பதுதான் வேலை. அப்படிப் பார்த்துப் பழகிய கண், வேலையை விட்ட பிறகும் சும்மா இருக்காது. கோலா சுங்கை பாரு கடற்கரையிலிருந்து இன்று காலையில்தான் வந்தது என்று மீன்காரர் சத்தியம் செய்தாலும் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டேன்.

ஆகவே, புதன்கிழமைதோறும் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த இரண்டு கன்னியாஸ்திரிகளை நான் நம்பவில்லை என்றால் அதில் ஆச்சரியப்பட எதுவுமில்லை.

அம்மாவுக்கு வாதம் வந்து இடதுபக்கம் விழுந்த பிறகு, வயது வருமுன்பே ஓய்வு வாங்கிக்கொண்டு நான் வீட்டோடு இருந்துவிட்டேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. தம்பி ஜொகூரில் குடும்பத்தோடு இருக்கிறான். எட்டு மாதம் கழித்து அம்மாவை மருத்துவமனைக்குப் பரிசோதனைக்குக் கூட்டிப்போன நாளில், தாழ்வாரத்தில் வெள்ளை முக்காடு போட்ட வயதான சிஸ்டர் ஒருவர் தள்ளுநாற்காலியை வழிமறித்துக் குனிந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தார். "நீர் அந்தத் தோட்டத்துப் பிள்ளையல்லோ?" என்றார். யாழ்ப்பாணத்துத் தமிழ். பேச்சு குழறிக்கொண்டிருந்த அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்பா செத்தபோதுகூட அம்மா அப்படி அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு அதுவே முதல் உறுத்தல்.

அடுத்த புதன்கிழமை அவர் வாசலில் நின்றார். கூடவே இளம் சிஸ்டர் ஒருவர், சபா மாநிலத்துப் பெண். தனியாகப் போகக் கூடாதாம், இரண்டு பேராகத்தான் போக வேண்டுமாம், அவர்கள் சபையின் பழைய வழக்கம். படுக்கையில் கிடப்பவர்களுக்கு நகம் வெட்டிவிடுவது, முதுகு துடைப்பது, தலை அலசிவிடுவது, இதுதான் இப்போது அவர்கள் வேலை. எந்த மதம் என்று கேட்பதில்லை என்று பெரியவர் சொன்னார். சோழியன் குடுமி சும்மா ஆடுமா என்று நினைத்துக்கொண்டு உள்ளே விட்டேன்.

தலை அலசும் விதத்தில் குறை சொல்ல முடியாது. ரப்பர் விரிப்பின் இரண்டு ஓரத்தையும் சுருட்டி வாய்க்கால் மாதிரி ஆக்கி, அம்மாவின் தலையைக் கட்டில் விளிம்புக்கு இழுத்து, கீழே வாளியை வைப்பார்கள். இளையவர் கழுத்தைத் தாங்கிக்கொள்வார். பெரியவர் பிளாஸ்டிக் கோப்பையால் மெதுவாக ஊற்றுவார். தலையணையில் ஒரு சொட்டு விழாது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு கிடப்பாள். அதற்கு முன் எட்டு மாதமாக நான் அதே தலையை அலசி, மெத்தை, தரை, என் சட்டை எல்லாம் நனைந்து, அம்மாவும் நானும் சண்டை போட்டுக்கொண்டதுதான் மிச்சம். அந்தப் பொறாமையும் எனக்கு இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

தேநீர் கலக்கிக் கொடுப்பேன். சபா பெண் வாங்கிக் குடித்துவிட்டு, கறிபாப்புப் பலகாரமும் ஒன்று எடுத்துக்கொள்வார். பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டு, "வேண்டாம் பிள்ளை" என்பார். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்.

"அவங்க ஏம்மா நம்ம வீட்டுல கை நனைக்க மாட்டேங்கிறாங்க?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"தோட்டத்துலயும் அப்படித்தான். அவங்க சட்டம் அது."

"சட்டமா, சாதியா?"

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பேசப் பிடிக்காவிட்டால் அம்மா செய்யக்கூடியது இப்போது அது ஒன்றுதான்.

எனக்கு இருந்த பயத்தைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். சின்ன வயதில் நான் சோறு சாப்பிட அடம்பிடித்தால் அம்மா ஒன்று சொல்வாள். "சிஸ்டரு தண்ணி ஊத்தித்தான் நீ பொழச்சே. நீயா சாப்பிடாம சாவப்போறே?" நாங்கள் இருந்தது போன்ற ரப்பர் தோட்டங்களுக்கு அந்தக் காலத்தில் கன்னியர் மடத்திலிருந்து மருந்து வேன் வரும். அதில் வந்த சிஸ்டர் ஏதோ மருந்துத் தண்ணீர் கொடுத்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்தோம். மடத்துக்காரர்கள் நடத்திய பள்ளிக்கூடத்தில்தான் படித்தேன். வேதப்பாட வகுப்புக்குக் கத்தோலிக்கப் பிள்ளைகள் போவார்கள், நாங்கள் திடலில் உட்கார்ந்திருப்போம். ஒருநாள் வகுப்பு முடிந்து வந்த தோழி, புதிதாகக் கற்றுக்கொண்டதை எங்களிடம் அளந்தாள். சாகப்போகிற குழந்தை இருந்தால் பாதிரியார் வரும்வரை காத்திருக்க வேண்டாமாம், யார் வேண்டுமானாலும் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துவிடலாமாம். "ஊத்திட்டா முடிஞ்சிச்சு. பொழச்சாலும் அது எங்க ஆளுதான். அழிக்க முடியாதுலா" என்றாள்.

எனக்கு அப்போது பத்து வயது. திடலில் உட்கார்ந்தபடியே உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்தேன்.

அன்றிலிருந்து அது எனக்குள் கிடந்தது. கோயிலில் தீபாராதனைக்கு நிற்கும்போதெல்லாம், நான் திருட்டுத்தனமாக நிற்கிறேனோ என்று ஒரு கூச்சம் வரும். என்னைக் கேட்காமல் என்னை எழுதி வாங்கிக்கொண்டார்கள் என்ற கோபமும் வரும். அம்மாவிடம் கேட்டதில்லை. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால் பிறகு என்ன செய்வது?

இந்தக் கதை தெரியாமலேயே தம்பி எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினான். சிஸ்டர்கள் வருகிறார்கள் என்று போனில் சொன்னதும் அவன் குரல் மாறிவிட்டது.

"அக்கா, கேர்ஃபுல்லா இரு லா. என் ஆஃபீஸ்ல ஒருத்தனோட பாட்டிக்கு இப்படித்தான். கடைசி வாரத்துல யாரோ வந்து தண்ணி ஊத்திட்டாங்க. செத்த பெறகு அந்தாளுங்க ஒரு பக்கம் பெட்டியோட நிக்கிறாங்க, இவங்க ஒரு பக்கம் பாடையோட நிக்கிறாங்க. அம்மாவுக்குக் கொள்ளி போட நான் ஒருத்தன்தான் இருக்கேன். அது எனக்கு இல்லாம போயிடக் கூடாது."

அவன் குரல் உடைந்துவிட்டது. அம்மாவை நான் எட்டு மாதமாகத் தூக்கித் துடைத்துக்கொண்டிருக்கிறேன், கடைசியில் யாரோ நாலு சொட்டுத் தண்ணீரில் அவளைக் கொண்டுபோய்விடுவார்களா? இது அம்மாவின் சாவைப் பற்றிய பயம் மட்டுமில்லை. அம்மா யாருடையவள் என்கிற பயம்.

அதற்குப் பிறகு நான் பார்த்த பார்வை வேறு. வாளித் தண்ணீரை அவர்கள் தொடும் முன் நானே குழாயைத் திறந்து பிடித்து வைத்தேன். சிஸ்டரின் துணிப்பையை, அவர் கை கழுவப் போன நேரத்தில் விரித்துப் பார்த்தேன். நகவெட்டி, பவுடர், சீப்பு, ஜெபமாலை, ஒரு பாக்கெட் கற்கண்டு. புட்டி எதுவும் இல்லை. இல்லாததும் சந்தேகமாகத்தான் இருந்தது. அவர்கள் வாசலைத் தாண்டியதும் அம்மாவின் நெற்றியில் திருநீற்றைப் பட்டையாக அடித்துவிடுவேன்.

"என்னாத்துக்குடி இவ்வளவு? கண்ணுல விழுது" என்பாள் அம்மா.

இரண்டு புதன் கழித்து, அடுப்படிக்குப் போவதுபோல் போய்விட்டு, கதவோரம் வந்து காதை வைத்தேன். தண்ணீர் விழும் சத்தம். அதோடு பெரியவரின் முணுமுணுப்பு. ஒவ்வொரு கோப்பைக்கும் ஏதோ ஒரே வாக்கியம். அதில் ஒரு சொல்தான் தெளிவாகக் கேட்டது. "தாயே."

அவர்கள் தாய் யார் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூட வாசலில் நீல அங்கி போட்டு நின்ற மாதா சொரூபத்தைப் பதினோரு வருடம் பார்த்தவள் நான். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அன்று அவர்கள் கிளம்பும்போது கேட் வரை கூடப் போனேன். சபா பெண் காரை எடுக்கப் போயிருந்தார்.

"சிஸ்டர், நேராவே கேக்கிறேன். எங்கம்மாவுக்கு நீங்க தண்ணி ஊத்துறீங்களா?"

"ஓம் பிள்ளை. ஊத்துறன்தானே."

"எனக்கும் ஊத்துனீங்களா? கைக்குழந்தையா இருக்கிறப்ப?"

அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "ஓம், உமக்கும் நான்தான் ஊத்தினனான். அம்மா சொன்னவவோ?"

வெட்கமே இல்லாமல் சிரித்துக்கொண்டு ஒப்புக்கொள்கிறாரே என்று எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "இனிமே எங்க வீட்டுக்கு வர வேண்டாம், சிஸ்டர்" என்றேன்.

ஏன் என்று கேட்பார், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. "சரி பிள்ளை. அம்மாவுக்குக் காதுக்குப் பின்னால ஈரம் நிக்க விடாதையும்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

அடுத்த புதன்கிழமை காலையிலிருந்தே அம்மா வாசல் பக்கம் தலையைத் திருப்பி வைத்துக்கொண்டு கிடந்தாள். "சிஸ்டரு வரலையா?"

"அவங்களுக்கு ஒடம்பு சரியில்லையாம்மா. கால்ல வீக்கமாம்."

வாயில் வந்ததைச் சொன்னேன். அதற்கடுத்த வாரமும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாவது வாரம், கேள்வியோடு ஒரு வேலையும் சேர்ந்துகொண்டது. "போன் போட்டு விசாரி. வெந்நீர்ல உப்புப் போட்டுக் காலை வைக்கச் சொல்லு." சரி என்று சொல்லிவிட்டு, யாருக்கும் போன் போடாமல் அடுப்படியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். "என்னா சொன்னாங்க?" என்றாள். "வீக்கம் கொறையுதாம்" என்றேன். தலை அலச என்னை விடவே இல்லை. மூன்று வாரத்தில் அம்மாவின் முடி சிக்குப் பிடித்துப்போனது.

அந்த வியாழக்கிழமை நான் மடத்துக்குக் கிளம்பினேன். சமாதானம் பேச இல்லை. என்னைப் பற்றி எங்கோ ஒரு பதிவேட்டில் எழுதியிருப்பார்கள். அதைக் கண்ணால் பார்த்து, அதை வெட்டச் சொல்ல வேண்டும். தப்பான பதிவை ரத்து செய்யச் சொல்லி விண்ணப்பம்கூட மலாயில் தட்டச்சு செய்து எடுத்துப் போயிருந்தேன். ஊற்றியதை அழிக்க முடியாது என்று அந்தத் தோழி சொல்லியிருந்தாள். நில அலுவலகத்தில் அழிக்க முடியாதது என்று ஒன்றை நான் பார்த்ததில்லை.

சபா சிஸ்டர்தான் கதவைத் திறந்தார். கூடம் முழுக்கப் பெட்டிகள். வீட்டை மூடப்போகிறார்களாம். முப்பது பேருக்கு மேல் இருந்த மடத்தில் இப்போது இரண்டே பேர். பழைய படங்கள், நோட்டுகள் எல்லாவற்றையும் சபையின் தலைமை வீட்டுக்கு அனுப்பிவைத்து, அவற்றை வைத்துச் சபையின் வரலாற்றை எழுதும் பொறுப்பு அவருக்கு. அவர் தமிழ் அரைகுறை. மலாயும் இங்கிலீஷும் கலந்து சொன்னதன் சாரத்தைத்தான் நான் எழுதுகிறேன்.

முதலில் வந்த சிஸ்டர்கள் மாதக்கணக்கில் கப்பலில் வந்தார்கள், அவர்களில் பாதிப் பேர் காய்ச்சலில் போனார்கள். வாசலில் விட்டுப்போன பெண்குழந்தைகளை வளர்த்தார்கள், தையல் சொல்லிக்கொடுத்தார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள். பிறகு வேன் வாங்கி, இந்தப் பக்கம் கோலா சுங்கை பாரு வரைக்கும் அந்தப் பக்கம் செர்காம் வரைக்கும் மீன்பிடிக் கம்போங் கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் மருந்து கொண்டுபோனார்கள். ஒரு படத்தில் இருபது சிறுமிகள் வெள்ளைச் சட்டையில் வரிசையாக நின்றார்கள். கீழே எழுதியிருந்த பெயர்கள் எல்லாம் புனிதர்களின் பெயர்கள். முகங்களில் பாதி தமிழ் முகம்.

"பெத்தவங்க வச்ச பேரு எங்க?" என்றேன்.

அது தெரியாது என்றார் அவர். எழுதி வைக்கவில்லையாம். அது தப்புதான், அதையும் வரலாற்றில் எழுத நினைத்திருக்கிறேன், மேலிடத்தில் ஒப்புக்கொள்வார்களா தெரியாது என்றார். மூடி மறைப்பார் என்று வந்தவளுக்கு அந்தப் பதில் ஏமாற்றமாக இருந்தது. பெரியவர் ஏன் எங்கள் வீட்டில் எதுவும் குடிப்பதில்லை என்றும் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவர் சேர்ந்த காலத்தில் வெளிவீடுகளில் சாப்பிடக் கூடாது என்று சட்டம் இருந்ததாம். சட்டத்தைத் தளர்த்திப் பல வருடம் ஆகியும் அவர் தொண்டை ஒப்பவில்லையாம். ஆளுநர் வீட்டுக்கே கூப்பிட்டாலும் குடிக்க மாட்டார் என்று சிரித்தார். சாதி பற்றிய சந்தேகம் அதில் கழன்றது. நான் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் மருந்து வேன் நோட்டு ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார். நீல மசி, இங்கிலீஷ், அழகான சாய்வெழுத்து. தேதி, லயத்து வீட்டு எண், ஆள், நோய், செய்தது. சில வரிகளில் ஞானஸ்நானம் என்று பச்சையாகவே எழுதிப் பக்கத்தில் சின்னச் சிலுவை போட்டிருந்தது. நெருப்பில்லாமல் புகையுமா? என் சந்தேகம் ஒன்றும் ஆகாயத்திலிருந்து விழுந்ததில்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

எங்கள் லய எண்ணைக் கண்டுபிடித்தேன். தாயும் பத்து மாதப் பெண்குழந்தையும், இருவருக்கும் அம்மை. செய்தது என்ற இடத்தில் இரண்டே சொல்: வாட்டர் கிவன், தண்ணீர் கொடுத்தாயிற்று.

ஓரத்தில் வேறு கையெழுத்தில், சிவப்பு மசியில், "என்ன பெயர்?" என்று இங்கிலீஷில் கேள்வி. அதற்கு மேல், அதே சிவப்பு மசியில், அந்த வரி முழுவதையும் குறுக்காக வெட்டியிருந்தது.

நான் வெட்டச் சொல்ல வந்த வரி ஏற்கனவே வெட்டப்பட்டிருந்தது. முப்பது வருடப் பழக்கத்தில் எனக்கு முதலில் தோன்றியது, யாரோ ஆவணத்தைத் திருத்தியிருக்கிறார்கள் என்பதுதான்.

"இதை யாரு வெட்டினது?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

"மதர் வெட்டினவ" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பெரிய சிஸ்டர் துணிக்கூடையோடு நின்றுகொண்டிருந்தார். நான் வரக் கூடாது என்று சொன்னது நினைவிருப்பதாகவே காட்டிக்கொள்ளாமல் எதிரே உட்கார்ந்தார்.

"உங்கட லயத்துக்கு நான் வரேக்க அம்மாவும் நீரும் பாயில கிடந்தனீங்கள். ரெண்டு பேருக்கும் அம்மை. உம்மட அப்பா பால்வெட்டப் போயிட்டார். முத்து இறங்கிட்டுது, தலைக்குத் தண்ணி வார்க்க வேணும் எண்டு அம்மா அழுகிறா. அவவாலை எழும்ப ஏலாது. லயத்துச் சனம் ஒருத்தரும் வரேல்லை."

ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். அம்மாவும் அப்பாவும் இரண்டு சாதி. வீட்டை மீறிக் கட்டிக்கொண்டவர்கள். அம்மை இறங்கினால் தலைக்குத் தண்ணீர் ஊற்ற லயத்தில் வயதான பெண் ஒருத்தியாவது வந்தே ஆக வேண்டும். அவர்களுக்கு மட்டும் வரவில்லை.

"எனக்கு அதெல்லாம் தெரியாது பிள்ளை. நாங்கள் டவுனில வளந்த வேதக்காரச் சனம். அம்மா படுத்துக்கொண்டே சொல்லித் தந்தவ. வேப்பிலை ஒடி, மஞ்சள் போடு, வெயிலில வைச்ச தண்ணியை எடு, மூண்டு தரம் ஊத்து. நான் முதல் உமக்கு ஊத்தினன், பிறகு அவவுக்கு. திரும்பி வந்து நோட்டில அதைத்தான் எழுதினனான், தண்ணி ஊத்தியாச்சு எண்டு. இங்கிலீசில வேற எப்பிடி எழுதிறது?"

மடத்துத் தலைவியான அந்த மதர் வெள்ளைக்காரர். மாதக் கடைசியில் நோட்டைப் பார்ப்பாராம். அந்த வரியைப் படித்துவிட்டு, தாயும் மகளுமாக இரண்டு ஆத்மா கிடைத்தது என்று பூரித்துப்போய், இந்தச் சின்ன சிஸ்டரை எல்லார் முன்னாலும் எழுப்பி நிற்க வைத்துப் பாராட்டினாராம். பதிவேட்டில் ஏற்ற வேண்டும், என்ன பெயர் வைத்தாய் என்று கேட்டாராம்.

"நான் பேசாமல் ஒரு பேரைச் சொல்லியிருக்கலாம். ஆருக்குத் தெரியப்போகுது? எண்டாலும் எனக்கு வாய் வரேல்லை. மதர், அது ஞானஸ்நானத் தண்ணி இல்லை, அம்மைத் தண்ணி, மாரியம்மனுக்கு ஊத்தினது எண்டு சொல்லிப்போட்டன்."

"அவங்க என்னா செஞ்சாங்க?"

"மூண்டு மாசம் என்னை வேனில ஏத்தேல்லை. உடுப்புத் தோய்க்க விட்டவ. உங்கட வரியை வெட்டினவ." அவர் சிரித்தார். "நல்லாத் தோய்ப்பன் பிள்ளை நான். அண்டைக்குப் பழகினதுதான்."

நான் கொண்டுபோன விண்ணப்பம் மடியில் இருந்தது. அதை நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டேன். அவமானமாக இருந்தது. ஆனாலும் என் புத்தி விடவில்லை.

"இப்ப எங்கம்மாவுக்கு ஊத்துறப்ப, தாயே தாயேன்னு என்னமோ சொல்றீங்களே?"

"ஓ, அது கேட்டுதோ? தாயே குளிர்ந்து போ எண்டு சொல்லுறனான். அம்மா அண்டைக்குச் சொல்லித் தந்தது. தலைக்கு ஊத்தேக்க வேற ஒண்டும் எனக்கு வாயில வாறேல்லை."

"எந்தத் தாயி?"

"அதை நான் இதுவரைக்கும் பிரிச்சுப் பாக்கேல்லை பிள்ளை."

ஞாயிற்றுக்கிழமை அவரை ஈப்போ பக்கம், வயதான சிஸ்டர்களுக்கான வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. என் புகாரால் இல்லை, மூன்று மாதத்துக்கு முன்பே வந்த உத்தரவாம். ஒரே ஒரு தடவை வந்து அம்மாவின் தலையை அலசிவிட முடியுமா என்று கேட்டேன். என் வாழ்நாளில் யாரிடமும் அப்படிக் குழைந்து கேட்டதில்லை. அவர் திரும்பி, தன் வயதில் பாதிகூட இல்லாத சபா பெண்ணைப் பார்த்து, "போகலாமோ சிஸ்டர்?" என்று அனுமதி கேட்டார். இப்போது அந்த வீட்டுக்குப் பொறுப்பு அவர்தானாம்.

சனிக்கிழமை காலையில் என் காரிலேயே இரண்டு பேரையும் கூட்டி வந்தேன். அம்மா அவரைப் பார்த்ததும் நல்ல கையை நீட்டினாள். விரிப்பைச் சுருட்டி, வாளி வைத்து, எல்லாம் முன்போலவே. இந்தத் தடவை நான் அடுப்படிக்குப் போகவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிக்கைப் பிரிக்கவே அரை மணி நேரம் ஆனது.

முதல் கோப்பை விழுந்ததும் அம்மா கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள். "கால் வீக்கம் வத்திருச்சா சிஸ்டரு? வெந்நீர்ல உப்புப் போட்டு வச்சீங்களா? மூனு வாரமா இவ சொல்லிக்கிட்டே இருந்தா."

சிஸ்டரின் கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். எனக்காக ஒரே ஒரு வார்த்தை, வத்திட்டுது என்று அவர் சொல்லிவிட மாட்டாரா என்று நான் ஏங்கினேன். மதரிடமே பொய் சொல்லத் தெரியாத ஆள் அவர். என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. கோப்பையைப் பிடித்தபடி காத்திருந்தார்.

"சிஸ்டருக்கு ஒன்னும் இல்லம்மா. நான்தான் வர வேண்டாம்னு சொன்னேன்."

அம்மா கண்ணைத் திறந்தாள். "ஏன்?"

"சாவுறப்ப உனக்குத் தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் கொடுத்துருவாங்கன்னு பயந்துட்டேன்."

அம்மா மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்படுவாள், அல்லது சிரிப்பாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

"வேணுமா, வேணாமான்னு என்னைக் கேட்டிருக்கலாம்ல" என்றாள்.

சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு ஊற்றத் தொடங்கினார். மறுநாள் அவர் ஈப்போவுக்குப் போய்விட்டார். இப்போது நான்தான் அம்மாவுக்குத் தலை அலசுகிறேன், விரிப்பைச் சுருட்டும் விதத்தையும் கற்றுக்கொண்டுவிட்டேன். அவ்வளவு நேரம் அம்மாவின் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. வேண்டாம் என்றுதான் சொல்வாள் என்று தம்பி அடித்துச் சொல்கிறான். வாளி, பை, நோட்டு எல்லாவற்றையும் துருவிப் பார்த்தவள் நான், என் அம்மாவிடம் மட்டும் அந்தக் கேள்வியை இன்னும் கேட்கவில்லை. வேண்டும் என்று சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.